புதுப்பிப்பு: பினாங்கு பத்து பெரிங்கி கடற்கரை கல்லு ஒருவழியா பளபளன்னு வந்துருச்சு

ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன்ல, பத்து பெரிங்கி கடற்கரையில பொறுக்குன கல்லுங்க டம்ளர் மெஷின்ல (கல்லையும் அரைக்கிற பொடியையும் தண்ணியோட போட்டு உருட்டி பளபளப்பாக்குறது) நாலு வாரம் உருண்டும் ஏன் குழி குழியா இருக்குன்னு. (டம்ளர்னா அம்மாவுக்கு இன்னும் தண்ணி குடிக்கிற டம்ளர்தான்.) நீங்க சொன்னது சரி, பினாங்கு கல்லு முக்கால்வாசி கிரானைட், அதுல இருக்குற தாதுக்கள்ல குவார்ட்ஸ் கடினம் பத்துக்கு 7, ஃபெல்ட்ஸ்பார் 6, அந்த கறுப்பு மைக்கா மட்டும் 3 பக்கம்தான், அதான் அது முதல்ல தேஞ்சு உதிர்ந்து குழியாயிடுது. அதனால வெள்ளை குவார்ட்ஸ் கல்ல மட்டும் பிரிச்சு, விரிசல் விட்டத தூக்கிப் போட்டுட்டு, 60/90 சிலிக்கான் கார்பைடு பொடியில (நம்பர் ஏற ஏற பொடி நைசு) மறுபடி ரெண்டு வாரம் ஓட்டுனேன், அப்புறம் 120/220, 500, கடைசியா பாலிஷுக்கு அலுமினியம் ஆக்சைடு, ஒவ்வொண்ணும் ஒரு வாரம். நடுவுல பிரஷ் போட்டு நல்லா கழுவணும், முந்தின ரவுண்டோட பெரிய பொடி ஒண்ணு ஒட்டியிருந்தாலும் கீறல்தான்.

ஒரு கூத்து, மெஷின்ல மிஞ்சுன சேத்துத்தண்ணிய சிங்க்ல ஊத்திட்டேன், சிமெண்ட் மாதிரி இறுகி அடைச்சுக்கிச்சு, பிளம்பருக்கு 80 ரிங்கிட் அழுதேன் லா. இப்ப எல்லாம் வாளியிலதான்.

மொத்தம் 11 கல்லு தேறுச்சு. அம்மா ரெண்ட சாமி ரூம்ல வச்சுட்டாங்க.