விலா எலும்பைத் தொட்டுவிட்ட நுரையீரல் கட்டி: அப்பாவுக்கு ஆப்பரேஷன் செய்யலாமா?

மலர், சுங்கை சிப்புட்:
வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனையில் குலை அறுத்தார். வலது முதுகில் ஒரே இடத்தில் குத்துகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிடி ஸ்கேனில் நுரையீரலின் மேல் பகுதியில் கட்டி, பின்பக்கம் இரண்டு விலா எலும்பை அரித்திருக்கிறது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று உறுதியாகிவிட்டது. உடம்பு முழுக்கப் புற்றைத் தேடும் பெட் ஸ்கேனில் வேறெங்கும் தெரியவில்லை. பினாங்கு டாக்டர் விலாவோடு சேர்த்து வெட்டி எடுக்கலாம் என்கிறார். சொந்தக்காரர்களோ, "எலும்புக்குப் போய்விட்டது, கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும்" என்கிறார்கள். அப்பா வாயே திறக்கவில்லை. யாராவது விவரம் சொல்லுங்கள்.

தைப்பிங் தம்பி:
அக்கா, எங்கள் மாமாவுக்கு ஈரலுக்கும் போயிருந்ததால் ஆப்பரேஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு டாக்டரே செய்யலாம் என்கிறார் என்றால் நல்ல சேதிதான்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:
மலர், நான் நெஞ்சு அறுவை வார்டில் பல வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். முதலில் ஒன்றைப் பிரித்துப் பாரம்மா. புற்று ரத்தத்தில் கலந்து தூரத்து எலும்பில் போய் உட்காருவது வேறு. நுரையீரலை ஒட்டியிருக்கும் விலாவுக்குள் கட்டியே வளர்ந்து நுழைவது வேறு. உங்கள் அப்பாவுக்கு இரண்டாவது. கட்டி எவ்வளவு பெரிது, எதற்குள் நுழைந்திருக்கிறது என்பதைக் குறிக்க இதை டி3 என்று எழுதுவார்கள். நெறிக்கட்டிகளில் புற்று இல்லாவிட்டால் அது ஸ்டேஜ் 2பி தான், தூரத்துக்குப் பரவிவிட்ட ஸ்டேஜ் நாலு இல்லை.

அதனால் டாக்டரிடம் முதலில் நெறிக்கட்டியைப் பற்றிக் கேள். நடு நெஞ்சில் மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கும் நெறிக்கட்டிகளில் ஊசி போட்டுப் பார்த்தார்களா? அங்கே புற்று இருந்தால் நேராக ஆப்பரேஷனுக்குப் போவது வழக்கமில்லை. மூளை ஸ்கேனும் மூச்சுத் திறன் சோதனையும் முடிந்ததா என்றும் கேள்.

கத்தி பட்டால் பரவும் என்ற பயத்தை நானும் வார்டில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். பரவக்கூடாது என்பதற்காகத்தான் கட்டியை விலாவிலிருந்து உரிக்காமல் நுரையீரல் மடல், விலா, நடுவிலுள்ள தசை எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுக்கிறார்கள். ஓரங்களில் புற்று மிஞ்சாமல் வந்து, நெறிக்கட்டியும் சுத்தமாக இருந்தால், ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள். மிச்சம் விட்டால் அந்தப் பலன் இல்லை.

விலாவை எடுத்த இடத்தில் ஓட்டை பெரிதாக இருந்தால் வலை வைத்து மூடுவார்கள். தோள்பட்டை எலும்புக்கு அடியில் சின்ன இடமென்றால் பல நேரம் அதுவும் வேண்டியதில்லை.

சிகரெட் பிடிக்கிறாரா? இன்றே நிறுத்தச் சொல்.

மலர்:
ரொம்ப நன்றி அக்கா. சிகரெட் இன்னும் விடவில்லை, இன்று பேசுகிறேன். ஆப்பரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கும்? செலவும் கவலையாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:
வலி இருக்கும், மறைக்க மாட்டேன். முதுகில் மெல்லிய குழாய் வழியாக வலி மருந்து கொடுப்பார்கள். நெஞ்சிலிருந்து இன்னொரு குழாய் கட்டிலுக்குக் கீழே உள்ள பாட்டிலுக்கு வரும். மூச்சு விடும்போது அதில் தண்ணீர் ஏறி இறங்கும், பயப்படாதே. இருமாமல் அடக்கினால் சளி தங்கி நிமோனியா வரும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல், சீக்கிரமே எழுந்து நடக்க வை.

செலவுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்கத்தின் பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1000 ரிங்கிட்டும், போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் உண்டு. அப்பாவுக்குத் தகுதி இருக்கிறதா என்று சிகிச்சை தொடங்குமுன்பே அங்கே கேள்.

அப்புறம், சொந்தக்காரர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து அப்பாவிடம் தனியாகப் பேசு. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அவரே கேள்வி கேட்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்.