பொருள்: திங்கட்கிழமைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் – 'எரோட்டிக் க்ரைம் த்ரில்லர்'

அம்மாப்பேட்டையிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். என் மாணவி ஒருத்தி ஒரு படத்துக்குப் பார்வையாளர் கருத்துகளைத் திரட்டி ஆய்வேடு எழுதுகிறாள். ஓடிடியில் வந்த படம். பணக்காரக் கணவன், இளம் மனைவி, வீட்டுக்கு வந்துபோகும் இன்னொருவன், நடுவில் ஒரு கொலை. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளிலும் எங்கள் தறிக்காரத் தெருக்களிலும் உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுத்து வந்திருக்கிறாள். முதல் பக்கத்திலேயே தடுக்கிவிட்டது. ஆங்கிலப் பெயரைப் போட்டால் துறையில் ஏற்க மாட்டார்கள். 'காமக் குற்றப் படம்' என்று எழுதிப் பார்த்தாள். நீதிமன்ற வழக்கு மாதிரி ஒலிக்கிறது.

தெருவில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. 'பலான படம்', 'அந்த மாதிரிப் படம்', வயதானவர்கள் வாயில் 'காலைக் காட்சிப் படம்'. எதுவும் ஏட்டில் ஏறாது. தவிர, இவற்றில் கொலையே இல்லை. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஏற்காட்டிலிருந்து:

வணக்கம் அம்மா. நான் சப்டைட்டில் வேலை செய்பவன். எங்களிடம் இருக்கும் பட்டியலில் 'கிளர்ச்சித் திகில்' என்று போட்டிருக்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஆத்தூரிலிருந்து:

தம்பி, கூடாது. 1965இல் மாணவர்கள் தெருவில் இறங்கியதை இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி என்றுதான் இன்றுவரை எழுதுகிறோம். 'கிளர்ச்சிப் படம்' என்றால் போராட்டத்தைப் பற்றிய படம் என்றுதான் பொருள்படும். 'மர்மத் திகில்' என்று மாற்றலாமே என்பீர்கள். 'மர்மம்' வடசொல். 'திகில்' தெலுங்குத் திகுலுவுக்கு உறவு. இரண்டையும் கூட்டிக் கலைச்சொல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'காமம்' என்ற சொல்லுக்கு யாரும் கூச வேண்டாம். 'கமம் நிறைந்து இயலும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். கமம் நிறைவு; நிறைந்து வழிவது காமம் என்பது என் துணிபு. 1944 முதல் 1956 வரை சேலம் கல்லூரியில் இருந்து மொழியறிஞர் பாவாணர் வேர்ச்சொல் ஆய்ந்த ஊர் இது. நாம் அஞ்சலாமா?

இனி தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பேசும் மெய்ப்பாட்டியலைப் பாருங்கள். 'அணங்கே விலங்கே கள்வர் தம்இறை எனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்று எண்ணுகிறார். அவற்றில் அணங்கு, கள்வர் இரண்டும் நிற்கின்றன. வருத்தும் அழகு ஒன்று, குற்றவாளி ஒன்று. நீங்கள் தேடும் படவகை முழுவதும் இந்த அடியில் இருக்கிறது. என் பரிந்துரை: அணங்கச்சப் படம்.

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, நூற்பா கண்ணைத் திறந்துவிட்டது, உண்மை. ஆனால் எங்கள் எஸ்டேட் லயத்தில் 'அணங்கச்சம்' என்று சொன்னால் பேய்ப் படம் என்பார்கள். ஏரியும் காடும் சேர்ந்து ஏரிக்காடாக இருந்ததை ஏற்காடாகத் தேய்த்து வைத்தது மக்களின் வாய். வாயில் தேயாத சொல் நிலைக்காது. மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வரும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோவில் அந்த முகப்புதான் மிச்சம். சேலத்திலேயே படம் எடுத்த காலத்துக் கிழவர்கள் 'துப்பறியும் படம்' என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறார்கள்! யாரும் அகராதி பார்க்க வேண்டியதில்லை. 'த்ரில்லர்' இப்போது பஸ், டிக்கெட் மாதிரி ஆகிவிட்டது. விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

அம்மாப்பேட்டையிலிருந்து:

இரண்டு பேரும் படத்தைப் பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டும். நேற்று இரவு மாணவியின் குறிப்பேட்டை முழுக்கப் படித்தேன்.

பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் அக்கா ஒருவர். ஊதுகுழலைக் கீழே வைக்காமலே பேசினாராம். "ரெண்டு பேரும் அந்தாளை எதுக்குக் கொல்றாங்கன்னே புரியலீங்க. ஆசையா இருந்தா ஓடிப்போயிருக்கலாம்ல?" பாவு ஓட்டும் ஒருவர் சொன்னது: "கட்டில் சீன் வந்தா கதை நிக்குது, போலீஸ் வந்தா அந்தப் பொண்ணையே காணோம்." இன்னொருவர்: "சுமார். ஒரு தடவை பாக்கலாம். கொன்னது யாருன்னு இடைவேளைக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு." ஆபாசம் என்று முகம் சுளித்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்களின் குறை ஒன்றுதான்: ஆசை ஒரு பக்கம் போகிறது, கொலை ஒரு பக்கம் போகிறது. இரண்டையும் பற்றவைக்கவில்லை.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. காமம், குற்றம், திகில் என்று மூன்றை அடுக்கிக் கட்டினால் நம் சொல்லும் அந்தப் படத்தைப் போலவே ஒட்டாமல் நிற்கும். ஆசையே குற்றமாகத் திரும்புகிற இடத்தைச் சொல்லும் ஒற்றைச் சொல் வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது. களவு. பழைய அகப்பாடல்களில் அது மறைவான காதல். தெருவில் அது திருட்டு. 'களவுத் திகில்' என்று வைத்தால் 'க்ரைம்' தனியாக வேண்டாம், 'எரோட்டிக்' தனியாக வேண்டாம். திகிலுக்குத் தெலுங்கு உறவு இருந்தால் இருக்கட்டும் ஐயா, நம் பாட்டிமார் சொன்ன சொல்தானே.

ஆத்தூரிலிருந்து:

அம்மா, படித்ததும் மனம் வலித்தது. களவு கற்பில் முடிவது. தலைவனும் தலைவியும் ஊரறிய மணந்துகொள்ளும் ஒழுக்கத்துக்கு முதல் படி. இறையனார் களவியல் உரை இதற்காகவே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறது: ஒருத்தி நஞ்சுண்டு சாகத் துணிகிறாள், அருளுடைய ஒருவன் அந்த நஞ்சை அவள் அறியாமல் எடுத்து அப்புறப்படுத்துகிறாள், உயிர் பிழைக்கிறது. களவெல்லாம் தீதில்லை என்று நிறுவ அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். உங்கள் படத்திலோ உயிர் போகிறது. இந்தக் கதைக்குத் தொல்காப்பியர் தந்த இடம் வேறு: பெருந்திணை, அதாவது பொருந்தாக் காமம். 'தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம், மிக்க காமத்து மிடல்.' தெளிவு போன காமம், வலிந்து பற்றும் காமம். அணங்கச்சத்தைக் கைவிடுகிறேன். 'பெருந்திணைப் படம்' என்று எழுதச் சொல்லுங்கள்.

ஓமலூரிலிருந்து:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெருந்திணை பொருளில் மிகச் சரி. ஆனால் 'பெரும்' என்று தொடங்குவதால் பெரிய பட்ஜெட் படம் என்று என் மகன் நினைத்தான். களவுத் திகிலுக்கு என் கை.

ஏற்காட்டிலிருந்து:

நானும் த்ரில்லரை விட்டுவிட்டுக் களவுத் திகிலுக்கு வருகிறேன். ஆனால் வழக்கமாகக் காவல் நிலையச் செய்தியில் வரும் சொல் என்பதால், வெறும் திருட்டுப் படம் என்று சிலர் நினைக்கக்கூடும். முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும். இங்கே மழை, கரன்ட் போய்ப் போய் வருகிறது. இனி திங்கட்கிழமைதான் பதில் எழுத முடியும்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

நன்றி. மாணவி 'களவுத் திகில்' என்றே தட்டச்சு செய்துவிட்டாள். 'ஆசை குற்றமாக முற்றும் கதையமைந்த படவகை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாள். ஐயா சொன்ன பெருந்திணை நூற்பாவை முன்னுரையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது இல்லாமல் ஏடு நிறையாது.

ஆத்தூரிலிருந்து:

முன்னுரையில் வைத்ததற்கு மகிழ்ச்சி. என் வாக்கு பெருந்திணைக்கே என்பதைக் குழு பதிவு செய்துகொள்ள வேண்டும். இன்னொன்று: முடிவுரையில் 'சுமாரான படம்' என்று வருகிறதாமே? சுமார் பாரசீகச் சொல். எண்ணிக்கை என்பது அதன் பழைய பொருள். 'இடைத்தரம்' என்று மாற்றலாம்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

அதை மட்டும் மாற்ற மாட்டேன் ஐயா. தறிக்காரர் வாயால் சொன்ன சொல், மேற்கோளுக்குள் இருக்கிறது.