தோசை சுடுவது அம்மாவின் வேலையா?

கேள்வி: நேற்று நான் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியதும், என் நான்கு வயது மகன், "அப்பா தோசை சுடக்கூடாது, அம்மா வரட்டும்" என்று கரண்டியைப் பிடுங்கி ஒளித்துவைத்தான். நாங்கள் யாரும் சொல்லித்தராத இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது?

பதில் 1: சொல்லித்தரவே வேண்டியதில்லை. ஏறத்தாழ மூன்று வயதுக்குள் தம்மை ஆண் அல்லது பெண் என்று அடையாளம் காணும் குழந்தைகள், யார் எதைச் செய்கிறார்கள் என்று கவனித்து, அதையே விதியாக்கிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஐந்தாறு வயதில் இறுகும் அவ்விதி, பின்னர் மெல்லத் தளரும். அதிருக்கட்டும், மாதத்தில் எத்தனை நாள் தோசை சுடுகிறீர்கள்?

கேட்டவர்: உண்மையைச் சொன்னால், இரண்டு நாள்.

பதில் 2: கேரளத்தில் 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தந்தை தேங்காய் துருவும் படம் உள்ளது. நல்ல முயற்சிதான்; ஆயினும் உங்கள் மகன் அன்றாடம் பார்ப்பது உங்கள் அடுப்படியைத்தான்.