பெங்களூருல எந்த எஃப்எம்தான் நம்பர் ஒன்?

அல்சூர்_பையன்:
சில்க் போர்டு டிராஃபிக்ல நிக்கும்போது ஒரு ஹோர்டிங்ல ஒரு எஃப்எம் நாங்கதான் நம்பர் ஒன்னு போட்டிருக்கான், கொஞ்ச தூரம் தள்ளி இன்னொருத்தனும் அதே கதை. யாருப்பா இத எண்றது? அப்புறம் சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராம்புரம்னு இவ்ளோ தமிழ் ஜனம் இருக்கற ஊர்ல ஒரு தமிழ் எஃப்எம் கூட ஏன் இல்ல?

மீடியா_பிளானிங்_அண்ணன்:
தம்பி, ரெண்டு பேரும் பொய் சொல்லல. 2007ல டாம் (TAM) கம்பெனி, ரேடியோ கேக்கறவங்கள கணக்கெடுக்க ராம் (RAM)னு ஒரு ரேட்டிங் ஆரம்பிச்சாங்க, மும்பை டெல்லி கொல்கத்தா பெங்களூரு நாலே ஊரு (சென்னையே கிடையாது, சிரிப்பா இருக்கும்). செலக்ட் பண்ண ஆளுங்க கைல டைரி குடுத்துடுவாங்க, எந்த கால் மணி நேரத்துல எந்த ஸ்டேஷன் கேட்டோம்னு அவங்களே எழுதணும். அதுல ரீச்னா எத்தன பேர் கேட்டாங்க, ஷேர்னா எல்லாரும் மொத்தமா ரேடியோ கேட்ட நேரத்துல அந்த ஸ்டேஷனோட பங்கு எவ்ளோ. ஒருத்தர் ரெண்டு மணி நேரம் கேட்டாலும் எட்டு பேர் ஆளுக்கு கால் மணி நேரம் கேட்டாலும் ஷேர்ல ஒண்ணுதான், ஆனா ரீச்ல ஒண்ணுக்கு எட்டு. அதுக்கு மேல வயசு, வருமானம், காலை நேரம்னு வெட்டிக்கிட்டே போனா எல்லாருக்கும் எங்கயாவது ஒரு முதலிடம் மாட்டும். எந்த கணக்குல முதலிடம்னு ஹோர்டிங் அடியில பொடி எழுத்துல இருக்கும், சிக்னல்ல யாரு படிக்கறா.

மஞ்சள்போர்டு_குமாரு:
டைரியா? நான் நாள் பூரா வண்டியில போடறது என் இஷ்டமா பின்சீட்டு இஷ்டமாங்ணா? ஏர்போர்ட் சவாரின்னா ஹிந்தி வைங்கறாங்க, லோக்கல் ஆளுங்க ஏறினா கன்னடம். காலி வண்டியில மட்டும் நான் 102.9 விவித் பாரதி, சில நாள் 100.1 அமிர்தவர்ஷினி. இத எந்த கணக்குல எழுதுவாங்க?

ஜெயநகர்_மாமி:
இந்தியாவோட முதல் பிரைவேட் எஃப்எம்மே நம்ம ஊர்லதானே, 2001 ஜூலைல ரேடியோ சிட்டி 91.1. இப்போ எங்க திருப்பினாலும் ஒரே மாதிரி, இங்கிலீஷுக்கு 91.9 இண்டிகோ இருக்கறதால கொஞ்சம் மூச்சு விடலாம். சொந்தமா நியூஸ் போட பர்மிஷன் இல்ல, ஆல் இந்தியா ரேடியோ நியூஸ அப்படியே வேணா போடலாம், ஆக மிச்சம் பாட்டும் அரட்டையும்தான். ஏலத்துல கோடி கோடியா குடுத்து அலைவரிசை எடுத்தவன் யார் சின்ன கூட்டத்துக்காக ரிஸ்க் எடுப்பான்?

மீடியா_பிளானிங்_அண்ணன்:
கரெக்ட் மாமி. ஆனா கூட்டம் சின்னதுன்னு மட்டும் இல்ல. இண்டிகோவுக்கும் கூட்டம் சின்னதுதான், காசு இருக்கற கூட்டம், அதனால விளம்பரம் வருது. நம்மாளுங்க கன்னட ஸ்டேஷனையும் கேப்பாங்க, அப்போ விளம்பரக்காரன் நமக்குன்னு தனியா எதுக்கு செலவு பண்ணணும்? காவிரி சமயத்துல கேபிள்ல தமிழ் சேனல் நிறுத்தினதையும் அவன் மறந்திருக்க மாட்டான்.

அல்சூர்_பையன்:
சரிண்ணா புரிஞ்சுது. ஆல் இந்தியா ரேடியோவோட நியூஸ் ஆன் ஏர் ஆப்ல சென்னை ரெயின்போ எஃப்எம் வருதாமே, குமாரண்ணா வண்டியில அது ஓடுமா?

மஞ்சள்போர்டு_குமாரு:
ஓடும் குரு, டேட்டா காசு நீ குடு.