கிண்ணியா, மூதூர், குச்சவெளி, கந்தளாய்: நான்குக்கும் ஒரே அவசர அழைப்பு நிலையம் சரிப்படுமா?

கொட்டியாரக்கரை எழுதியது:

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சென்ற கூட்டத்தில், திருகோணமலை மாவட்டத்தின் சிறு பட்டினங்கள் சேர்ந்து, அவசர அழைப்புகளை ஏற்று உரிய வண்டியை அனுப்பும் பொது நிலையம் ஒன்றை நடத்தலாம் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். பொலிசுக்கு 119, தீயணைப்புக்கு 110, இடர் முகாமைத்துவத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990 என்று நான்கு எண்களைப் பதற்றத்தில் நினைவுபடுத்த வேண்டியிருப்பது உண்மைதான். ஆயினும், மூதூரில் ஒரு வீடு தீப்பற்றினால் திருகோணமலை நகரத்தில் தொலைபேசி எடுப்பவருக்கு அந்த ஒழுங்கை விளங்குமா என்று பலர் கேட்டார்கள். இத்துறையை அறிந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற சபை உத்தியோகத்தர் எழுதியது:

முதலில் ஆட்கணக்கைப் பாருங்கள். அழைப்பு எடுப்பவரின் ஒரு கதிரை இரவும் பகலும் வெறுமையாக இராதிருக்க வாரத்துக்கு 168 மணித்தியாலம் தேவை. ஒருவர் 40 மணித்தியாலம் வேலை செய்தால், விடுமுறையையும் சுகவீனத்தையும் சேர்த்து ஐவர் வேண்டும். நான்கு சபைகள் தனித்தனியே நடத்தினால் 20 பேருக்குச் சம்பளம் கொடுத்தும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவர், மூச்சற்றுக் கிடப்பவரின் நெஞ்சை அழுத்தும் முறையைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த அழைப்பு மணியடித்துக்கொண்டே இருக்கும். பொது நிலையமாயின் 15 பேரைக்கொண்டே மூன்று கதிரைகளை நிரப்பலாம்.

அம்புலன்ஸ் விடயத்தில் இந்த விவாதம் காலம் கடந்தது. 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் விரிந்த 1990 சேவையின் அழைப்புகள் கொழும்பை அடுத்த ராஜகிரியவில்தான் ஏற்கப்படுகின்றன. எனவே எஞ்சியிருப்பது உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பிலுள்ள தீயணைப்பே. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை, வண்டிகளை நீரில் கடத்தும் பாதைப் படகுக்குக் காத்திருந்த அந்தக் காலத்தில், நகரத்திலிருந்து வண்டி அனுப்புவதைப் பற்றிப் பேசுவதே வீண்; இன்று அப்படியல்ல.

குச்சவெளியான் எழுதியது:

கணக்குச் சரி, ஆனால் இடப்பெயர்களை மறந்துவிட்டீர்கள். நாம் உவர்மலை என்பதை ஆங்கில வரைபடம் ஓர்ஸ் ஹில் என்கிறது. முதலிக்குளம் மொரவெவ ஆகவும் குமரன்கடவை கோமரங்கடவல ஆகவும் பதிவாகியுள்ளன. எனது மாமிக்கு ஓரிரவு நெஞ்சுவலி வந்தபோது, பள்ளிவாசலுக்குப் பின்னால் என்று நான் சொல்ல, எந்தப் பள்ளிவாசல் என்று மறுமுனையில் கேட்க, இறுதியில் மருமகன் டோர்ச் லைட்டுடன் பிரதான வீதியில் நின்றுதான் வண்டியை மறித்தான். தொலைபேசி எடுத்தவரிடம் குறையில்லை. அவர் பொறுமையாகவே கேட்டார். அவர் கையில் இருந்த பட்டியலில் எங்கள் ஊர் வழக்கு இல்லை, அவ்வளவுதான்.

கடல்கடந்தவன் எழுதியது:

நான் வசிக்கும் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் சிறு நகரங்கள் இப்படிச் சேர்வதை மாநில அரசே மானியம் கொடுத்து ஊக்குவிக்கிறது. தொலைபேசிக் கட்டணத்துடன் அறவிடப்படும் சிறு தொகையிலிருந்து அந்தப் பணம் வருகிறது. அங்கு எழும் வழக்கமான சண்டை, பங்குத்தொகையைச் சனத்தொகைப்படி பிரிப்பதா அழைப்புகளின் எண்ணிக்கைப்படி பிரிப்பதா என்பதாகும். இன்னொரு விளைவும் உண்டு: அழைப்பு எடுப்பவர் வெளியேறியதும் சிறு நகரப் பொலிஸ் நிலையங்கள் இரவில் ஆளின்றி இருண்டுவிட, கதவைத் தட்டி உதவி கேட்டு வருபவருக்குச் சுவரில் ஒரு தொலைபேசி மட்டுமே மிஞ்சுகிறது. நம் ஊரில் பொலிஸ் நிலையம் இரவிலும் இயங்குவதால் இது பெரிதாகப் பொருந்தாது. ஆனால் தீயணைப்பு நிலையத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கொட்டியாரக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அழைப்பை ஏற்பது மட்டும் பொதுவாகட்டும், வண்டிகளும் ஆட்களும் அந்தந்தச் சபையிடமே இருக்கட்டும் என்று முன்மொழிவைத் திருத்தப்போகிறேன். பங்குத்தொகையை அழைப்புகளின்படி பிரித்தால், காசுக்குப் பயந்து மக்களை அழைக்கவேண்டாம் எனச் சொல்லும் சபையும் தோன்றக்கூடும் என்பதால், சனத்தொகையே நல்லது என்று எனக்குப் படுகிறது. அதற்கு முன், சந்திகள், ஒழுங்கைகள், பள்ளிவாசல்கள், கோவில்கள் ஆகியவற்றின் ஊர் வழக்குப் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் திரட்டும் வேலையைச் சங்கமே தொடங்கலாம். மூதூர்ப் பக்கத்தை நாங்கள் எழுதுகிறோம். குச்சவெளியிலிருந்து புல்மோட்டை வரையான பகுதியைக் குச்சவெளியான் ஏற்பாரா?