வைல்ட்டேஞ்சென்ட் ஸ்பைவேர் இல்லை. இந்தப் பொய்யை இன்னும் எத்தனை வருஷம் சொல்வீங்க?

டயலப்காலம்:
போன வாரம் ரெஜிஸ்ட்ரி ராஜா இங்கே "பழைய லேப்டாப்பில் ஒளிந்திருக்கும் உளவாளிகள்" என்று ஒரு பட்டியல் போட்டார். முதல் பேரே வைல்ட்டேஞ்சென்ட். கீழே நாற்பது பேர் "நன்றி சார், உடனே அழிச்சுட்டேன்" என்று எழுதியிருக்காங்க. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு.

எச்.பி., டெல், தோஷிபா, கேட்வே கம்ப்யூட்டர்களில் அந்தக் காலத்தில் கம்பெனியே போட்டு அனுப்பிய விளையாட்டுகள் அவை. செஞ்சு கொடுத்தது வைல்ட்டேஞ்சென்ட் என்கிற விளையாட்டுக் கம்பெனி. போலார் பௌலர் ஞாபகம் இருக்கா? பனிக்கரடி ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சறுக்கிப் போய் பின்களைத் தள்ளும். கொஞ்ச நேரம் சும்மா ஆடலாம், அப்புறம் காசு கேட்கும். விஷயம் அவ்வளவுதான். 1998இல் வைல்ட்டேஞ்சென்ட் கம்பெனியை ஆரம்பிச்சவர்களில் ஒருத்தர் அலெக்ஸ் செயின்ட் ஜான். மைக்ரோசாஃப்டில், விண்டோஸில் விளையாட்டுகள் ஓட உதவும் டைரக்ட்எக்ஸை உருவாக்கிய மூணு பேரில் ஒருத்தர். ஊர் பேர் தெரியாத கும்பல் இல்லை.

அந்த விளையாட்டுகளோட அப்டேட்டர், அதாவது புதுப் பதிப்பு தேடும் நிரல், வெளியே அனுப்பியது என்ன? சிபியு வேகம், கிராபிக்ஸ் கார்டு பேர், டைரக்ட்எக்ஸ் பதிப்பு. முப்பரிமாண விளையாட்டு ஓடுமா ஓடாதான்னு வேற எப்படித் தெரிஞ்சுக்கறது? கிராபிக்ஸ் கார்டு பேரைச் சொன்னா உளவா?

ரெஜிஸ்ட்ரி ராஜா:
என் பேரை இழுத்துத் திரி ஆரம்பிச்சதால பதில் சொல்றேன். எதை அனுப்பிச்சு என்பது என் கேள்வியே இல்லை. கேட்டுட்டு அனுப்பிச்சா? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

டயலப்காலம்:
கிராபிக்ஸ் கார்டு பேருக்கு உங்ககிட்ட வந்து கையெழுத்து வாங்கணுமா?

ரெஜிஸ்ட்ரி ராஜா:
ஆமா, வாங்கணும். என் மெஷின்.

வெண்பலகை:
இரண்டு பேருக்கும் ஒரு சின்ன உதவி. 2005இல் அமெரிக்காவில் ஆன்டி ஸ்பைவேர் கோயலிஷன் என்று மென்பொருள் கம்பெனிகளும் நுகர்வோர் அமைப்புகளும் கூடி இதற்கு ஒரு வரையறை எழுதினாங்க. தகுந்த சம்மதம் இல்லாமலோ, பயனர் கையில் கட்டுப்பாடு இல்லாதபடியோ செயல்பட்டு, தனியுரிமையையோ பாதுகாப்பையோ தொடுகிற மாற்றங்களைச் செய்வது, கணினியின் சக்தியைத் தின்பது, தனிப்பட்ட அல்லது நுட்பமான தகவலைச் சேகரிப்பது. இந்த மூணில் எதில் வைல்ட்டேஞ்சென்ட் வருதுன்னு பார்த்தா பேச்சு சுலபமாகும்.

ரெஜிஸ்ட்ரி ராஜா:
கூட்டம் கூடி எழுதினது எனக்கு வேண்டாம். கேட்டுட்டு அனுப்பிச்சா?

டயலப்காலம்:
வெண்பலகை, அந்த வரையறை எழுதறதுக்கு முன்னாடியிருந்தே நான் இதைப் பேசிக்கிட்டு இருக்கேன். எனக்குப் பாடம் வேண்டாம்.

உண்மையான உளவு எப்படி இருக்கும்னு நான் சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க. 2014 கடைசியில் லெனோவோ விற்ற லேப்டாப்புகளில் சூப்பர்ஃபிஷ் என்கிற விளம்பர நிரல். இணையப் பக்கத்துக்குள்ளே விளம்பரம் நுழைக்கறதுக்காக, விண்டோஸில் தன் சொந்த ரூட் சான்றிதழைப் (எந்தத் தளத்தை நம்பலாம்னு சொல்ற முத்திரை) போட்டுக்கிட்டு, பூட்டுப் போட்ட இணைப்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. பேங்க் பக்கம் திறந்தாலும் நடுவில் அதுதான். இதில் கொடுமை, எல்லா மெஷினுக்கும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும் ஒரு ஆய்வாளர் அந்தச் சாவியின் பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சுட்டார். என்ன பாஸ்வேர்டு தெரியுமா? "கொமோடியா". அந்த நுட்பத்தை விற்ற கம்பெனியின் பேரே! காபிக்கடை வைஃபையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் உங்க பேங்க் கணக்கைப் படிக்கலாம் என்கிற நிலைமை. 2017இல் நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசியோடு சமரசம் ஆகி முடிஞ்சது.

"பான்ஸி படி" என்று ஊதா நிறக் குரங்கு ஒன்று டெஸ்க்டாப்பில் குதிச்சுக்கிட்டு இருந்ததே, அதை மறந்துட்டீங்களா? பெற்றோரைக் கேட்காம குழந்தைகளின் விவரத்தை வாங்கினதுக்கு 2004இல் 75,000 டாலர் அபராதம். இது உளவு. இதோட போய் பனிக்கரடி பௌலிங்கை ஒரே வரிசையில் நிறுத்தறீங்களே, மனசாட்சி இருக்கா?

நிலாமகள்:
சூப்பர்ஃபிஷும் பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருந்ததுதானே டயலப் சார்? "கம்பெனியே போட்டு அனுப்பியது, அதனால நல்லது" என்கிற உங்க வாதத்தை நீங்களே உடைச்சுட்டீங்க.

டயலப்காலம்:
"அதனால நல்லது" என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படிங்க. எழுதாததை எழுதினதாச் சொல்லக் கூடாது.

ரெஜிஸ்ட்ரி ராஜா:
பெரிய திருடனைக் காட்டிச் சின்னத் திருடனை விடச் சொல்றார் நம்ம டயலப். சரி, வைல்ட்டேஞ்சென்ட் லேப்டாப்பில் மட்டுமா வந்துச்சு? ஏஓஎல் மெசஞ்சர் இறக்கினவன் வீட்டிலும் நுழைஞ்சதே, அது எப்படி? அரட்டை அடிக்க வந்தவன் விளையாட்டுக் கேட்டானா? அந்தக் காலத்து ஸ்பைவேர் தேடும் புரோகிராம்கள் அதைச் சிவப்பில் காட்டினது சும்மாவா?

டயலப்காலம்:
அந்தப் புரோகிராம்கள் குக்கீயைக்கூடத்தான் (இணையதளங்கள் நம்ம கம்ப்யூட்டரில் வச்சுட்டுப் போகும் சின்னக் குறிப்பு) சிவப்பில் காட்டும். முந்நூறு "ஆபத்து" என்று காட்டினால்தானே வாங்குவீங்க! ஏஓஎல்காரன் கூட்டாச் சேர்த்துக் கொடுத்தது ஏஓஎல்காரன் செஞ்சது. கிராபிக்ஸ் கார்டு பேர் உளவா? இதுக்கு இன்னும் பதில் வரலை.

நிலாமகள்:
2015இல் விண்டோஸ் 10 வந்தப்போ ஸ்டார்ட் மெனுவில் கேண்டி கிரஷ் தானா முளைச்சது. சாலிடேர் சீட்டாட்டம் 1990இல் விண்டோஸ் 3.0 கூட வந்தப்போ மவுஸால் இழுத்துப் போடப் பழக்கும்னு சொன்னாங்க. இப்போ அதுக்குள்ளே விளம்பரம். விளம்பரம் வேண்டாம்னா மாசாமாசம் காசு. இதை எல்லாம் யாரும் ஸ்பைவேர் என்று சொல்றதில்லையே, ஏன்? பேர் பெரிசுன்னா பயமா?

கடைசிபெஞ்ச்:
கேண்டி கிரஷ் மைக்ரோசாஃப்டோடது இல்லைங்க.

நிலாமகள்:
கேண்டி கிரஷை வச்சிருந்த ஆக்டிவிஷனை 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வாங்கினதிலிருந்து அவங்களோடதுதான். தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.

கடைசிபெஞ்ச்:
2015 பத்தித்தானே பேசினீங்க? 2015இல் இல்லை. அதைத்தான் சொன்னேன்.

டயலப்காலம்:
கேண்டி கிரஷுக்குத் தனித் திரி ஆரம்பிங்க. இது என் திரி.

அகராதிப்பித்தன்:
எல்லாரும் "ஸ்பைவேர்" என்றே எழுதறீங்க. உளவு, வேவு, ஒற்று என்று மூணு சொல் நம்மிடம் இருக்கு. "ஒற்றுநிரல்" என்று எழுதினா என்ன குறைஞ்சுடும்?

ரெஜிஸ்ட்ரி ராஜா:
வேவுநிரல்தான் சரி. ஒற்று என்றால் பாதிப்பேர் வல்லினம் மிகும் இடத்தை நினைப்பாங்க.

அகராதிப்பித்தன்:
ஒற்றர் என்ற சொல் தெரியாத தமிழனா? உங்க பட்டியலிலேயே "உளவாளிகள்" என்று எழுதிட்டு இங்கே வேவுக்கு வக்காலத்து வாங்கறீங்க.

ரெஜிஸ்ட்ரி ராஜா:
உளவாளி ஆள். வேவு தொழில். அந்த வித்தியாசம் தெரியாம பேருக்கு மட்டும் அகராதி.

கடைசிபெஞ்ச்:
ராஜா சாருக்கு வித்தியாசம் எல்லாம் நல்லாவே தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி "லேப்டாப் மெதுவா இருக்கு" என்று ஒரே ஒரு வரி கேட்டேன். "எல்லா பார்ட்டிஷனையும் அழிச்சுட்டு ஃபார்மேட் போடு தம்பி" என்றார். விண்டோஸைத் திரும்பப் போட டிஸ்கில் ஒதுக்கி வச்சிருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனும் சேர்ந்து போச்சு. விண்டோஸ் திரும்பப் போட சர்வீஸ் கடையில் 1,200 ரூபாய் அழுதேன். அன்னைக்கும் இதே "உளவாளி இருக்கு" கதைதான்.

ரெஜிஸ்ட்ரி ராஜா:
பேக்கப் எடுக்கச் சொன்னேனா இல்லையா? அந்தத் திரியில் முதல் வரியே அதுதான்.

கடைசிபெஞ்ச்:
முதல் வரியில் இல்லை. நான் ஃபார்மேட் போட்டு முடிச்சதும் வந்து திருத்தி எழுதினீங்க. திருத்தின நேரம் கீழே சின்ன எழுத்தில் இருக்கு.

வெண்பலகை:
தம்பி மேல் தப்பில்லை. யாராவது என் கேள்விக்கு வாங்களேன். கார்டு பேர் தனிப்பட்ட தகவலா? தனியாப் பார்த்தா இல்லை. ஆனா அப்டேட்டர் விளையாடாதபோதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஓடினது வரையறையின் கட்டுப்பாட்டுப் பகுதியில் வருமே? அப்போ ஸ்பைவேர் என்று இல்லாவிட்டாலும் வேண்டாத சரக்கு என்றாவது...

டயலப்காலம்:
வேண்டாத சரக்கு என்றால் நானும் ஒத்துக்குவேன், அதை யார் மறுத்தா? எனக்கு வேண்டாதது ஆயிரம் இருக்கு. 2005இல் வந்த ஃபேட் என்கிற விளையாட்டு அவங்க வெளியிட்டதுதான். நானும் என் தம்பியும் ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்தச் சுரங்கத்தில் இறங்கிக்கிட்டே இருந்தோம். மேலே ஊர், கீழே முடிவே இல்லை. கூடவே ஒரு நாய் வரும், சாமான் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போய் வித்துட்டு வரும். அப்படி ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தவனை உளவாளி என்று சொன்னா எனக்குக் கோபம் வரத்தான் செய்யும். வந்துட்டுப் போகட்டும்.

ராஜா, கடைசித் தடவையா கேட்கறேன். என் கிராபிக்ஸ் கார்டு பேர் தெரிஞ்சு அவன் என்ன பண்ணிடுவான்? நீங்க இதே தளத்தில், ஒவ்வொரு பதிவுக்கும் கீழே வரும் உங்க கையெழுத்துப் பகுதியில் என்ன எழுதி வச்சிருக்கீங்க? பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு எது, எல்லாம் இருக்கு. யார் கேட்டா?

ரெஜிஸ்ட்ரி ராஜா:
அது நானா எழுதினது. நானா. அதைத்தான் முதல் பதிலிலிருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன், உங்க தலைக்குள்ளே இறங்கலை. என் வீட்டுக் கதவை நான் திறந்து வச்சா என் இஷ்டம். நீங்க திறந்தா?

டயலப்காலம்:
கம்ப்யூட்டரை முதல் தடவை ஆன் பண்ணினப்போ "ஏற்கிறேன்" என்று அழுத்தினது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?

ரெஜிஸ்ட்ரி ராஜா:
அழுத்தாட்டி விண்டோஸே திறக்காது. அதுக்குப் பேர் சம்மதமா?

அகராதிப்பித்தன்:
"ஒற்றுநிரல்" பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

கடைசிபெஞ்ச்:
1,200 ரூபாய் பற்றியும்தான்.