படுத்துக் கிடந்த மீன்

எங்கள் வீட்டுத் தொட்டியில் லிவிங்ஸ்டோனி என்ற மீன் ஒன்று இருந்தது. கொளத்தூரில் விரல் நீளத்தில் வாங்கியது. ஒருநாள் மணலில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. நோய்தான் என்று கல் உப்பைப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, கூடமெல்லாம் ஈரமாக்கி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் அது பாட்டுக்கு நீந்தியது. உப்பு காப்பாற்றியது என்று நாலு பேருக்கு வைத்தியமும் சொன்னேன்.

அந்தப் பெருமை, முக்குளிக்கப் போன இடத்தில், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் போயிற்று.

ஏரியின் தென்பக்கம் கேப் மக்ளியர். கரையெல்லாம் உசிப்பா என்ற பொடிமீன் காய்கிறது, நெத்திலிக் கருவாட்டு வாசனை. அங்கிருந்து படகில் தும்பி மேற்குத் தீவு. (பேரைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. நம் தும்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) நன்னீர் என்பதால், உடம்பு மிதக்காமல் அமிழ, கடலில் கட்டுவதைவிடக் குறைவான எடைதான் கட்டினார்கள். ஏரி கடல் மட்டத்துக்கு 470 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதனால் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரையும் உயரத்துக்கு ஏற்ப மாற்றச் சொன்னார்கள்.

இறங்கினால் பாறை முழுக்க ம்புனா என்ற பாறை மீன்கள். பாசியைச் சுரண்டியபடி நீலமும் மஞ்சளுமாக ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெண் மீன் மட்டும் தாடை புடைத்து, எதையும் தின்னாமல் ஓரமாக நின்றது. வாய்க்குள் முட்டை. மூன்று வாரம் போல அந்தப் பட்டினிதான்.

பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், ஒரு சாண் நீளத்தில் ஒரு மீன் செத்துக் கிடந்தது. வெளிறிய உடம்பில் பழுப்புத் திட்டுகள், அழுகத் தொடங்கியது போல. தொடப்போனேன். கூட வந்த வழிகாட்டி மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

காத்திருந்தோம். சிலிண்டரில் காற்று குறைகிறதே என்று எனக்கு ஒரே பதைப்பு. இரண்டு குஞ்சு மீன்கள் வந்து அதன் மேல் கொத்திப் பார்த்தன. படுத்த வாக்கிலேயே 'பிணம்' பக்கவாட்டில் வெட்டியது. ஒரு குஞ்சைக் காணோம்.

மேலே வந்ததும் வழிகாட்டி கன்னத்தில் கை வைத்துத் தூங்குவது போலக் காட்டி, "கலிகோனோ" என்றார். தூங்குமூஞ்சி என்று வைத்துக்கொள்ளலாம். லிவிங்ஸ்டோனிக்கு அங்கே அதுதான் பெயர். செத்தது போல நடித்து வேட்டையாடும் இந்த வித்தையை, ஏரியிலேயே கவனித்து மீன் ஆய்வாளர் கென்னத் மெக்கே 1981-இல் எழுதியிருக்கிறார். நான்தான் படிக்காமல் உப்பு போட்டிருக்கிறேன். வைத்தியம் கேட்ட அந்த நாலு பேரும் மன்னிக்கவும்.

போகிறவர்களுக்கு ஒன்று. அந்த ஏரியில் பில்ஹார்சியா புழு உண்டு, தோல் வழியாகவே உள்ளே போகும். அதைக் கொல்லும் பிரசிக்குவாண்டல் மாத்திரையை ஊர் திரும்பிய கையோடு போட்டால் இளம் புழுக்கள் தப்பிவிடும். சில வாரம் கழித்துத்தான் போட வேண்டும். தேதியைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.